ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி: பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

சளி என்று வருகிறவரிடம் முதலில் கேட்பது நிறம்தான். "மஞ்சளா வருதா, பச்சையா வருதா?" இந்த நிகழ்வில் அந்தக் கேள்வி நான்கு இடங்களில் கேட்கப்பட்டது. நான்கு இடத்திலும் "மஞ்சளுங்க" என்றே பதில். கைமேல் கிடைத்தது மூன்று சுற்று ஆன்டிபயாடிக். எந்த மூக்கில் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

இது ஒரே ஆளின் மருத்துவக் கோப்பு அல்ல. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அடிக்கடி வரக்கூடிய ஒரு வகை நோயை ஒருவர்மேல் ஏற்றி எழுதியது. மருந்தளவும் நாள்கணக்கும் அந்த வகைக்கு நடப்பில் உள்ளவை.

வந்தவர்

வயது 47. பல்லடம் பக்கம் சொந்தமாகப் பன்னிரண்டு விசைத்தறி வைத்து ஓட்டுபவர். சர்க்கரை நோய் ஆறு வருடமாக. மாத்திரை உண்டு, ஒழுங்கு இல்லை. தை மாதம் தொடங்கிய சளி ஆனி வரை நிற்கவில்லை. மார்கழிப் பனியில் பிடித்த சளி, தறித் தூசியில் தங்கிவிட்டது என்பது வீட்டாரின் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் ஒத்து ஊதுவதுபோல அதுவும் சேர்ந்துகொண்டது: "காத்தடி காலமுங்க, தூசி ஏறுது."

அவருக்குச் சளியைவிட வாடைதான் பெரிய குறை. "சளியெல்லாம் பெருசில்லீங்க. நாத்தந்தானுங்க. சோத்துக்கு முன்னால ஒக்காந்தா கொமட்டுது." கூட வந்த மனைவி, "பக்கத்துல ஒக்கார முடியறதில்லீங்க" என்றார். இரண்டு பேருக்கும் நாற்றம் தெரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூக்கின் உள்தோல் சுருங்கி வறண்டு பொருக்குத் தட்டும் நோயில் ஊருக்கே நாறும். நோயாளிக்கு மட்டும் தெரியாது, முகரும் நரம்பு செத்திருக்கும். இங்கே அவருக்கே நாறியது. ஆகவே அந்த நோயை ஓரளவு தள்ளி வைக்கலாம்.

எந்தப் பக்கம் என்று கேட்டபோது மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். இடது மூக்கைத் துடைத்த பாதியில் தடித்த மஞ்சள் கறை. வலது பாதியில் சாம்பல் நிறச் சளி, உள்ளே மெல்லிய பஞ்சு இழை. அந்தப் பஞ்சுச் சளி நோயல்ல. தறிக்குடோனில் எட்டு மணி நேரம் நிற்பவரின் மூக்கு பிடித்து வைத்த தூசி அது. மூக்கு வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. பாவு நூல் அறுந்து, குனிந்து முடிச்சுப் போடும்போது இடது மூக்கிலிருந்து சொட்டிவிடும் என்றும் சொன்னார். துணியில் கறை பட்டு ஒரு தடவை பீஸ் திரும்பி வந்ததாம்.

அதுவரை நடந்த வைத்தியம்: அசித்ரோமைசின் 500 மி.கி. மூன்று நாள், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மி.கி. ஐந்து நாள், லீவோஃப்ளாக்சசின் 500 மி.கி. ஏழு நாள். ராத்திரிக்கு ஒரு செட்டிரிசின், மாதக்கணக்கில். மூக்கடைப்புக்குச் சைலோமெட்டாசொலின் சொட்டு மருந்து, தினம் மூன்று வேளை, மூன்று மாதம். நொச்சித் தழை ஆவி. மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டுப் புகை உறிஞ்சல். ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் கூடியிருந்ததால் 'தூசி அலர்ஜி' என்று சீட்டிலேயே எழுதியாகிவிட்டது.

ஐ.ஜி.இ. கூடியிருந்தால் அலர்ஜி என்று முடிவுகட்டுவது நம் ஊரில் செல்லாது. குடல் புழு இருந்தாலும் கூடும். அலர்ஜிச் சளி தண்ணீர்போல, இரண்டு மூக்கிலும், தும்மலோடும் அரிப்போடும் வரும், கண்ணும் அரிக்கும். இவருக்குத் தும்மல் இல்லை, அரிப்பு இல்லை. தறித் தூசி இடது வலது பார்த்து ஏறுவதில்லை.

பார்த்ததும் கண்டதும்

சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பக்க மூக்கில் கெட்ட சளி என்றால் மற்றதெல்லாம் பிறகு. முதலில் கறுப்புப் பூஞ்சையைத் தேட வேண்டும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் பார்த்தவர்களுக்கு இதை நினைவுபடுத்தத் தேவையில்லை. கன்னத்தில் மரப்பு உண்டா, கண் வீங்கியிருக்கிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, மேலண்ணத்தில் கறுப்பு உண்டா, பற்கள் ஆடுகின்றனவா என்று வரிசையாகப் பார்க்கப்பட்டது. எதுவும் இல்லை. காய்ச்சலும் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 212. மூன்று மாதச் சராசரி 8.6 சதவீதம்.

மூக்குச் சதையைச் சுருக்கும் மருந்தைப் பஞ்சில் நனைத்துப் பத்து நிமிடம் வைத்த பிறகு எண்டோஸ்கோப். மூக்கின் பக்கச் சுவரில் மூன்று சதைமடிப்புகள் உண்டு. சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. நடு மடிப்புக்கு அடியில்தான் கன்னச் சைனஸ், நெற்றிச் சைனஸ், கண்ணோரத்து முன்சைனஸ்கள் எல்லாம் வந்து வடியும். இடது நடு மடிப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் சீழ் ஒரு நாடாபோல இறங்கித் தொண்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மூக்கு வாசலில் ஒட்டியிருந்த சளியில் பஞ்சு இருந்தது. இந்தச் சீழில் பஞ்சே இல்லை. இது பாடத்தில் உள்ள அடையாளம் அல்ல. ஆனாலும் தூசி நுழையாத இடத்திலிருந்து இது வருகிறது என்பதைக் கண்ணால் காட்டியது. சதை வளர்ச்சி இல்லை, கறுத்த பொருக்கு இல்லை. வலது பக்கம் சுத்தம். சீழை உறிஞ்சி, காற்றுப் படாமல் வளரும் கிருமிகளுக்கான குப்பியிலும் சேர்த்து அனுப்பப்பட்டது. சாதாரணக் குப்பியில் அனுப்பினால் அந்த வகைக் கிருமி வழியிலேயே செத்து, 'வளர்ச்சி இல்லை' என்று முடிவு வரும்.

பிறகு பல். "பல்லு வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. போன வருசஞ் சித்திரையிலயே வேர் வைத்தியம் பண்ணிக் கேப் போட்டாச்சுங்க." எந்தப் பல்? இடது மேல் கடைவாயில் முதல் பெரிய பல். பல் மருத்துவர்கள் 26 என்று குறிப்பது. கண்ணாடிக் கம்பின் காம்பால் தட்டினால் வலி இல்லை, பக்கத்துப் பல்லைவிடச் சற்று வேறுபட்ட உணர்வு மட்டும்.

வலி இல்லாதது பல்லைக் காப்பாற்றாது. வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் நரம்பு இல்லை. வேரைச் சுற்றியுள்ள சதைதான் வலிக்க முடியும். அதுவும் அழுத்தம் ஏறினால். வேர் நுனியில் சேரும் சீழுக்கு மேலே சைனஸ் என்ற காலி அறை இருக்கும்போது, அழுத்தம் ஏறாமல் அங்கே போய்விடுகிறது. முகம் வீங்காது, பல் துடிக்காது. வெளியே தெரிவதெல்லாம் மூக்கு வழியாகத்தான்.

சாதாரண எக்ஸ்ரேயில் இடது கன்னம் மங்கல் என்பது ஏற்கெனவே இருந்த படத்திலேயே தெரிந்தது. ஏன் மங்கல் என்பதை அந்தப் படம் சொல்லாது. சி.டி. ஸ்கேன் கேட்டு எழுதும்போது 'மேல் பல் வரிசையும் வேர் நுனிகளும் சேர்த்து' என்று சீட்டிலேயே எழுதப்பட்டது. எழுதாவிட்டால் படம் சைனஸோடு நின்றுபோகும், அல்லது அறிக்கையில் பல்லைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. படத்தில் இடது கன்னச் சைனஸ் முழுக்க அடைப்பு, வடிகால் வாயும் அடைப்பு, முன்சைனஸ்களில் கொஞ்சம். 26-ஆம் பல்லின் கன்னப்பக்க முன்வேர் நுனியைச் சுற்றி 6 மி.மீ. கறுப்பு வட்டம், அதற்கு மேலே சைனஸ் தரையின் எலும்பு காணவில்லை. அடைப்பின் நடுவில் வெள்ளைத் திட்டு இல்லை. இருந்திருந்தால் பூஞ்சை உருண்டையை நினைக்க வேண்டும். வலது சைனஸ்கள் எல்லாம் கறுப்பாக, காற்றோட்டமாக.

முடிவு: பல்வழிச் சைனஸ் அழற்சி, இடது. பல்லுக்கு மட்டும் எடுத்த முப்பரிமாணப் படத்தில் காரணமும் கிடைத்தது. மேல் முதல் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்க முன்வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய் இருக்கும். இரண்டாவது மெல்லியது, முதல் சிகிச்சையில் கண்ணுக்குத் தப்புவது அதுதான். இங்கும் அது தொடப்படாமல் கிடந்தது.

சளி எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது

மூக்கும் சைனஸும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குச் சளி சுரக்கின்றன. பெரும்பகுதி தெரியாமலே விழுங்கப்படுகிறது. அதில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். மீதி மியூசின் என்ற பிசுபிசுப்புப் புரதம், உப்பு, கிருமியைக் கொல்லும் நொதிகள். அடியில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, அந்தப் படலத்தை நிமிடத்துக்கு அரை சென்டிமீட்டர் கணக்கில் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. இந்த ஓட்டத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு: கீழ்மடிப்பின் முன்முனைக்குச் சற்றுப் பின்னால் சாக்கரின் துணுக்கு ஒன்றை வைத்துவிட்டு, தொண்டையில் இனிப்புத் தெரிய எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. இருபது நிமிடத்துக்குள் தெரிந்தால் சரி. அரை மணி தாண்டினால் மயிரிழை சரியாக வேலை செய்யவில்லை. புகைபிடிப்பவருக்குத் தாமதமாகத் தெரியும். சுட்ட மஞ்சள் புகையும் புகைதான். அதை உறிஞ்சினால் சளி கரைவதுபோலத் தோன்றுவது எரிச்சலில் புதிதாக ஊறும் நீரால்.

கன்னச் சைனஸின் அமைப்பு கிணறு மாதிரி. அதன் வாய் அடியில் இல்லை, உட்சுவரில் உயரத்தில் இருக்கிறது. ஆகவே மயிரிழைகள் சளியைக் கவலை இறைப்பதுபோலக் கீழிருந்து மேலே ஏற்றி வாய்க்குக் கொண்டுவர வேண்டும். கிணற்றின் அடித்தளத்தில்தான் கடைவாய்ப் பல்லின் வேர் நுனிகள். அங்கே சீழ் கசிந்தால் இறைப்பு நின்றுபோகிறது, வாய் வீங்கி அடைக்கிறது. குனியும்போது மட்டும் வழிந்து சொட்டும். தறிக்காரருக்குப் பாவு நூலை முடிச்சுப் போடும்போது சொட்டியதற்குக் காரணம் இதுவே.

நாற்றம் எங்கிருந்து? காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் வெளியிடும் கந்தக வாயுக்களும் கொழுப்பு அமிலங்களும். அவை வாயில், ஈறில் குடியிருப்பவை. சாதாரணச் சைனஸ் சளிக்கு இந்த அழுகல் வாடை அபூர்வம். அனுப்பிய சீழில் வளர்ந்ததும் அந்த வாய்க்கிருமிகளின் கலவைதான்.

நிறத்துக்கு வருவோம், அதற்கு ஊரில் கிடைக்கும் மரியாதைக்காக. பச்சை நிறம் கிருமியின் நிறம் அல்ல. கிருமியோடு சண்டைக்கு வரும் வெள்ளை அணுக்களில் இரும்பு கொண்ட ஒரு நொதி இருக்கிறது; அதுதான் பச்சை. வைரஸ் சளியிலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் அந்த அணுக்கள் வரும், சளி மஞ்சளாகும், பச்சையாகும். ராத்திரி முழுக்கத் தேங்கிய சளி காலையில் அடர்ந்து வருவதும் அப்படித்தான். பாக்டீரியா என்று சந்தேகிக்க வேறு கணக்கு: பத்து நாள் தாண்டியும் குறையாதது, குறைந்து வந்து ஐந்தாறு நாளில் மறுபடி ஏறியது, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் முகவலியும் சீழும் சேர்ந்து மூன்று நாலு நாள் நின்றது. தொழில் தரும் நிறங்களும் உண்டு. ஈரோட்டில் மஞ்சள் அரைக்கும் மில்லில் நிற்பவருக்கு மஞ்சளாகச் சிந்தினால் அது மஞ்சள் தூள். பொள்ளாச்சித் தென்னைநார்த் தொழிற்சாலையில் தவிட்டு நிறம், கல்குவாரியில் சாம்பல். வேலை இல்லாத நாளில் தெளிந்துவிடும்.

ஒரு பக்கம் என்பதற்கு இன்னும் சில பொருள் உண்டு. சிறு குழந்தைக்கு ஒரு மூக்கில் நாற்றச் சளி என்றால் புளியங்கொட்டை, பாசிமணி, ரப்பர்த் துண்டு என்று எதையோ போட்டுக்கொண்டிருக்கிறது என்றே எண்ணித் தேட வேண்டும். பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்தில் மூக்கின் நடுத்தண்டு வெந்து ஓட்டையாகும். வீட்டில் தோண்டாமல், சொட்டு மருந்தும் விடாமல் உடனே கொண்டுபோக வேண்டும். தலையில் அடிபட்டவருக்கோ, காரணமில்லாமலோ, ஒரு மூக்கில் தெளிந்த நீர் குனிந்தால் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். வயதானவருக்கு ஒரு பக்கம் ரத்தம் கலந்த சளி வாரக்கணக்கில் வந்தால் கட்டி இல்லை என்று பார்த்து உறுதி செய்யும்வரை விடக்கூடாது.

செய்தது, இடையில் கெட்டது

பல்லைப் பிடுங்கிவிடுவது ஒரு வழி. ஆனால் தரை எலும்பு ஏற்கெனவே இல்லாத இடத்தில் பிடுங்கினால் வாய்க்கும் சைனஸுக்கும் ஓட்டை விழக்கூடும். குடித்த தண்ணீர் மூக்கில் வரும். பல்லில் பலம் இருந்ததால் வேர் சிகிச்சையை மறுபடி செய்வது என்று முடிவானது.

கேப்பைக் கழற்றி, ரப்பர் திரை கட்டி, பழைய அடைப்பை எடுத்து, தப்பிய கால்வாயைக் கண்டுபிடித்துக் கழுவப்பட்டது. சைனஸுக்கு இவ்வளவு நெருக்கத்தில் கழுவும் ஹைப்போகுளோரைட்டை அழுத்திச் செலுத்தினால் நுனி தாண்டிச் சைனஸுக்குள் போய்ப் புண்ணாக்கும். அதனால் பக்கவாட்டில் துளை உள்ள ஊசி, மெதுவான கை. உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு பசை, அதாவது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் சுத்தமான வடிவம். மேலே தற்காலிக அடைப்பு, 4 மி.மீ. கனம். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியாகிவிட்டது. கூடவே அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பத்து நாள். முன்பு இதே மருந்து பலிக்காமல் போனது மருந்தின் குற்றமல்ல, ஊற்றுக்கண் திறந்திருந்தது. மற்ற இரண்டும் காற்றில்லாக் கிருமிக்குச் சரியாகப் பிடிக்காதவை. லீவோஃப்ளாக்சசினை இப்படிச் சளிக்கெல்லாம் கொடுப்பதில் இன்னொரு கேடு, காசநோய் இருந்தால் அதை மறைத்துவிடும்.

சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. ஐந்தாறு நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். முதலில் ஒரு மூக்கில் நிறுத்தி ஒரு வாரம் கழித்து மற்றதில் நிறுத்தினால் ராத்திரித் தூக்கம் கெடாது. பதிலுக்கு ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே, மூக்குக்கு இரண்டு அடி, தினம் ஒரு வேளை. இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும்.

உப்புநீர்க் கழுவல் காலை மாலை. 250 மி.லி. தண்ணீர், கொதி வந்தபின் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு ஆற வைத்தது. அயோடின் சேர்க்காத தூள் உப்பு 2.25 கிராம், தலைதட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. சமையல் சோடா ஒரு சிட்டிகை. வாஷ்பேசின்மேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி அழுத்துப் புட்டியால் மெதுவாக. முடிந்ததும் ஒவ்வொரு மூக்காகச் சிந்த வேண்டும். இரண்டையும் பொத்திச் சிந்தினால் நீர் காதுக்கு ஏறும். எரிந்தால் உப்பின் அளவு தவறு. இவருக்கு முதல் இரண்டு நாள் எரிந்தது. வீட்டில் விசாரித்தால், போர்த் தண்ணீர். ஏற்கெனவே உப்புக் கரிப்பது. அதில் மேலும் உப்பு. நல்ல தண்ணிக்கு மாற்றியதும் எரிச்சல் நின்றது. கொதிக்க வைக்காத தொட்டித் தண்ணீரை மூக்கில் ஏற்றவே கூடாது. மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, கேரளத்தில் 2024-இலும் 2025-இலும் அமீபா மூளைக்காய்ச்சல் நோயாளிகள் வந்தார்கள்.

ஒன்பதாம் நாள் நாற்றம் நின்றது. கெட்டதும் அதனாலேயே. நாற்றம் போனதும் பல் நாற்காலியை மறந்துவிட்டார். ஆர்டர் நெருக்கடி வேறு. ஆடி நோம்பிக்கு ஈரோட்டுப் பக்கம் மாமனார் ஊருக்குப் போய், எள்ளும் வெல்லமும் பொட்டுக்கடலையும் போட்டுச் சுட்ட தேங்காயை அதே பக்கம் கடித்ததில் தற்காலிக அடைப்பு விரிசல் விட்டது. அது தாங்குவது இரண்டு மூன்று வாரம்.  அடைப்பு வைத்து ஆறு வாரம் ஓடியிருந்த ஆடி கடைசியில் வாடை திரும்பியது. எண்டோஸ்கோப்பில் சீழ் மெல்லிய கோடாக மட்டும். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. ஆன்டிபயாடிக் மறுபடி கொடுக்கப்படவில்லை. பல்லைத் திறந்து கழுவி, புதுப் பசை வைத்து, இரண்டு வாரத்தில் கால்வாய்கள் நிரப்பி, ஆவணி முடிவில் கேப். இம்முறை தேதியைக் கணக்கு நோட்டில் எழுதிவைத்தது மனைவி.

பல் சரியான பிறகும் எட்டு வாரம் பத்து வாரம் சீழ் நிற்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு எண்டோஸ்கோப் வழியாகச் சைனஸ் வாயை அகலப்படுத்த வேண்டியிருக்கும். இவருக்குத் தேவைப்படவில்லை. மார்கழியில் எடுத்த சி.டி.யில் சைனஸ் காற்றோட்டமாக இருந்தது. தரையில் மட்டும் மெல்லிய தோல் தடிப்பு, வேர் நுனி வட்டம் பாதியாகச் சுருங்கியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.3.

படம் எடுத்த வாரத்திலேயே அவருக்குச் சளி பிடித்தது. இரண்டு மூக்கிலும் தண்ணீராக ஒழுகி, நாலாம் நாள் மஞ்சளாகி, எட்டாம் நாள் நின்றது. உப்புநீரும் வெந்நீரும் மட்டும்.